நான் பிறக்காத வருஷத்துக் கேசட்

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் யாராவது ஒருவர் பம்பரமோ தேன்மிட்டாயோ படம் போட்டு, "அது ஒரு காலம்" என்று எழுதுகிறீர்கள். கீழே முப்பது பேர் கண்ணீர் விடும் பொம்மை போடுகிறீர்கள். நானும் போடுகிறேன். போடாவிட்டால், என்ன கோபம் என்று போன் செய்து கேட்பீர்கள். நாற்பதைத் தாண்டிவிட்டோம். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் இருபத்தைந்து ஆனாலே வயசாகிவிட்டது என்று லைன் வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள், அந்த வகையில் நாமெல்லாம் கிழம்தான். எனக்கு முட்டிவலி, உங்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. பழசைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

ஆனால் இத்தனை நாளாக உங்களிடம் ஒன்றைச் சொல்லவில்லை. நீங்கள் ஏங்கி ஏங்கி எழுதுகிற அந்தக் கோடையில், நாம் ஐந்தாவது முடித்துவிட்டு ஆறாவது போகக் காத்திருந்த அந்த லீவில், நான் உங்களோடு இல்லவே இல்லை. உடம்பு பிள்ளைப்பாக்கத்தில்தான் இருந்தது. கழனிகளில் சர்வே கல் நட்டதும், முதல் மண் லாரி வந்தபோது நீங்கள் எல்லோரும் புழுதியில் அதன் பின்னாலேயே ஓடியதும், டிரைவர் உங்களை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வரை போனதும் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாசலில் வந்து நின்று என்னையும் கூப்பிட்டீர்கள். தலைவலி என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தலைவலி இல்லை. நான் பிறப்பதற்கு முந்தைய ஒரு நாளைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் இருந்தான் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். ஐந்து வயதில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். அதற்கு அடுத்த வருஷம் நான் பிறந்தேன். எங்கள் வீட்டில் காலம் இரண்டே இரண்டு: அப்போ, இப்போ. அப்போ என்றால் அவன் இருந்தபோது. அப்போ அம்மா தினமும் கனகாம்பரம் வைப்பாளாம். அப்போ அப்பா பாடுவாராம். என்னை உட்காரவைத்து யாரும் இதையெல்லாம் சொன்னதில்லை, பேச்சுவாக்கில் வந்து விழும். "அப்பல்லாம் இந்தக் கொல்லையில பூசணி எப்டிக் காய்க்கும் தெரியுமா" என்று அம்மா ஆரம்பிப்பாள், பாதியில் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வாள். பூசணிகூட நான் வருவதற்குள் காய்த்து ஓய்ந்துவிட்டதே என்று எனக்கு ஆத்திரமாக வரும். நல்லதெல்லாம் முடிந்தபிறகு வந்து சேர்ந்த விருந்தாளி என்றுதான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அப்போவிலிருந்து மிஞ்சியது ஒரு கேசட்.

அண்ணனுக்குக் காது குத்தியது ஓர் ஆடிக்கிருத்திகை அன்று. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சுங்குவார்சத்திரத்தில் ரேடியோ செட் வைத்திருந்தார். சுற்று வட்டாரத்தில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது எதுவானாலும் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவது அவர்தான். தன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தப்போகும் அக்கா பிள்ளைக்கு வெறும் பாட்டு போதுமா? அன்றைக்கு மைக்கில் விழுந்த எல்லாவற்றையும் ஒரு கேசட்டில் பிடித்துவிட்டார். பிறகு கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல்லையும் ஸ்க்ரூடிரைவரால் உடைத்துவிட்டார். அந்தப் பல் போய்விட்டால் ரெகார்ட் பட்டன் அமுங்காது, யாரும் கை தவறி மேலே பதிந்து அழித்துவிட முடியாது. கேசட்டோடு ஒரு டேப் ரெக்கார்டரையும் வாங்கி அக்கா வீட்டில் கொண்டுவந்து வைத்தார்.

அண்ணன் போன பிறகு, வருஷா வருஷம் கிருத்திகைக்கு அம்மா அவனுக்கு இலை போடுவாள். ஊரில் எல்லோரும் செத்தவர்களுக்கு அமாவாசையில்தான் படைப்பார்கள், அம்மாவுக்கு மட்டும் கிருத்திகை. சர்க்கரைப் பொங்கல், வடை, அவனுக்குப் பிடித்த அவித்த வேர்க்கடலை. கடலையை மாமாதான் கொண்டுவருவார். எல்லாம் இலையில் வைத்தபிறகு அம்மா தெருவாசலில் போய் நின்று, "கண்ணு, வாடா, சாப்ட வா" என்று கூப்பிடுவாள். விளையாடப் போன பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரியே, நாலு வீட்டுக்குக் கேட்கும்படி. கூப்பிடாமல் இலை போட்டால் வரமாட்டார்கள் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்புறம் உள்ளே வந்து கேசட்டைப் போடுவாள். வருஷத்துக்கு அந்த ஒரு தடவைதான். முடிந்ததும் பழைய புடவைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிடுவாள்.

அந்த லீவில் அம்மாவும் அப்பாவும் காலையிலேயே கழனிக்குப் போய்விடுவார்கள். கம்பெனிக்குப் போகப்போகிற நிலம் என்று தெரிந்துவிட்டது, கடைசி மகசூலையாவது முழுசாக எடுத்துவிட வேண்டும் என்று அப்பாவுக்கு அவசரம். பெட்டியின் சாவி அரிசிப் பானைக்குள் இருக்கும். நான் கேசட்டை எடுத்தேன். ஒருநாள் எடுத்தது தினமும் ஆயிற்று.

முதலில் மாமாவின் "அலோ, அலோ, மைக் டெஸ்டிங்." அதற்குப் பின்னால் ஓர் ஆடு கத்தும். ஒரு பெண், "யம்மா, ஒரு சொம்பு தண்ணி குடேன்" என்பாள். தூரத்தில் யாரோ, ஆடி மாசத்திலேயே ஏரி நிரம்பி வழிகிறது என்று கத்துவார்கள். அப்பா இரண்டு வரி பாடுவார், நிஜமாகவே பாடுவார். பிறகு காது குத்தும் தட்டான் குரல், பிள்ளை வீறிட்டு அழும் சத்தம், பெண்கள் சமாதானம் செய்யும் சத்தம். அழுகை அடங்கியதும் சும்மா ஒரு இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் ஓடும். அப்புறம் மாமா கேட்பார்: "மாப்ள, வலிச்சிதாடா?" விக்கலோடு ஒரு சின்னக் குரல்: "வலிக்கல. எனக்கு வலிக்கவே இல்லமா." உடனே அம்மா சிரிப்பாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அதில் அண்ணன் பெரிதில்லை. அம்மாவின் சிரிப்புதான். நீளமாகச் சிரித்து, மூச்சு வாங்கி, மறுபடியும் சிரிப்பாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இந்தப் பெண்தான் என் அம்மாவாக இருந்திருக்க வேண்டும், கொஞ்சம் பிந்தி வந்ததால் எனக்கு வேறு அம்மா கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன். சாயங்காலம் மண்ணும் வியர்வையுமாக அம்மா வந்து, தலை சீவிவிடுகிறேன் வா என்று கூப்பிட்டால், அந்தச் சிரிப்பை மனதில் வைத்துக்கொண்டு இவளைப் பார்ப்பேன். பிடிக்காது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கேசட்டுக்குள் எனக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருந்தேன். பந்தலின் இடது பக்கம், மைக்குக்குப் பக்கத்தில். தண்ணீர் கேட்கும் பெண்ணுக்குச் சொம்பில் மொண்டு கொடுப்பது நான்தான். அப்பா பாடும்போது தலையாட்டுவதும் நான்தான். யாரும் என்னை நீ யார் என்று கேட்கவில்லை. இப்படிப் பத்துப் பதினைந்து நாள் போனது. பிறகு சும்மா நிற்பது போதவில்லை. அந்த இரைச்சல் மட்டும் ஓடுகிற இடம் இருக்கிறதே, அங்கே யாரும் பேசுவதில்லை. ஒரு சின்ன வார்த்தை அங்கே வைத்தால் யாருக்கு நஷ்டம்?

பல் உடைந்த கேசட்டில் எப்படிப் பதிவது என்பது எனக்குத் தெரியும். மாமா பழைய கேசட்டில் புதுப்பாட்டுப் பதியும்போது, அந்தப் பொந்தில் காகிதத்தைச் சுருட்டித் திணிப்பார். நான் என் நாலு கோடு நோட்டில் ஒரு மூலையைக் கிழித்துச் சுருட்டித் திணித்தேன். ஆங்கிலம் எழுத வைத்திருக்கும் நோட்டு, சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்டது. இரைச்சல் ஆரம்பித்ததும் இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கி, மைக் ஓட்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "நானும் இருக்கேன்" என்றேன். அவ்வளவுதான். நிறுத்தலாம் என்று பார்த்தால் ஸ்டாப் பட்டன் இறுகிக்கொண்டது. இரண்டு கட்டை விரலாலும் அழுத்தி அது விடுபடுவதற்குள் உள்ளே சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பின்னால் ஓட்டிக் கேட்டேன். அழுகை, இரைச்சல், என் குரல், ஒரு டிக். உடனே அம்மாவின் சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறாள் என்பது போய்விட்டது.

போன குரல் திரும்பாது என்பது புரியாத வயதில்லை. அந்த நேரத்தில் என் புத்திக்குப் பட்டது ஒன்றே ஒன்று, என் குரல் அதில் இருக்கக் கூடாது. மறுபடியும் அதே இடத்துக்கு ஓட்டி, இந்தத் தடவை ஒன்றும் பேசாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டன்களை அமுக்கினேன். மூச்சைப் பிடித்தால் எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? தெருவில் லாரி போயிற்று. கொல்லைப்பக்கம் அம்மா வந்துவிட்டாள், ஏதோ சொல்லிக் கூப்பிட்டாள். நான் பட்டனை நிறுத்தி, டேப் ரெக்கார்டரைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். வாயே திறக்கவில்லை. அன்றைக்கு அம்மா நுங்கு கொண்டுவந்திருந்தாள். சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

ஆடி பிறந்தது. முதல் ஞாயிறு எங்கோ கூழ் ஊற்றும் இடத்தில் பாட்டுப் போட வேண்டும், தன் டெக் ரிப்பேர் என்று மாமா வந்து எங்கள் டேப் ரெக்கார்டரை இரவல் கேட்டார். வீட்டில் நான் மட்டும். எடுத்துக் கொடுத்தேன். கேசட் உள்ளேயே இருந்தது. மறந்துவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை, தெரிந்துதான் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவர் திருப்பிக் கொண்டுவந்தபோதும் நான் மட்டும்தான் இருந்தேன். கேசட்டை எடுத்துத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

கிருத்திகை அன்று அம்மா வாசலில் நின்று அண்ணனைக் கூப்பிட்டுவிட்டு வந்து கேசட்டைப் போட்டாள். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தட்டான், அழுகை, இரைச்சல். பிறகு ஒன்றுமில்லை. பிறகு சிரிப்பு. அம்மா கண்ணைத் திறந்தாள். பின்னால் ஓட்டிப் போட்டாள். மூன்று தடவை போட்டாள். டேப் பழசாகிவிட்டது, அதுதான் என்றார் அப்பா. பழசாகியிருந்தால் எல்லாமும்தானே போகும், அது மட்டும் எப்படிப் போகும் என்று அம்மா கேட்டாள். குரல் உயரவே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உன் மாமன் டேப்ப எடுத்துக்கினு போனானே, கேசட்டும் போச்சா?"

"போச்சி" என்றேன்.

அது பொய்கூட இல்லை, பாருங்கள்.

மாமா வழக்கம்போல அவித்த கடலைப் பையோடு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். அம்மா அந்த இடத்தைப் போட்டுக் காட்டினாள். அவர் முகம் மாறியது. ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக் கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பினார். முதுகுப் பொந்தில் நான் எடுக்க மறந்த காகிதம் அப்படியே இருந்தது. அதை நகத்தால் நெண்டி எடுத்து, உள்ளங்கையில் வைத்து விரித்துப் பார்த்தார். கதவோரம் நின்ற எனக்கே அந்தச் சிவப்புக் கோடும் நீலக் கோடும் தெரிந்தன. அந்த வீட்டில் நாலு கோடு நோட்டு வைத்திருந்தது ஒரே ஓர் ஆள்தான். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா கவனிப்பதற்குள் காகிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என் கைதான் பட்டுடுச்சிக்கா. அவசரத்துல எந்தக் கேசட்டுன்னு பாக்கல."

அம்மா தம்பி கையிலிருந்து கேசட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "எம் புள்ள ரெண்டாவது வாட்டி செத்தான். இனிமே இந்த வூட்டு வாசப்படிய மிதிக்காத" என்றாள்.

அவர் கடலைப் பையை இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அப்போது அழுகை வரவில்லை, அப்பாடா என்றுதான் இருந்தது. அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

நான் வயசுக்கு வந்தபோது, தாய்மாமன் ஓலை வெட்டிக் குடிசை கட்ட வேண்டும். அம்மா தூரத்து உறவில் ஒரு தம்பியைக் கூப்பிட்டுக் கட்டவைத்தாள். காலையில் எழுந்து பார்த்தால் வேலியோரம் ஒரு கட்டுப் பச்சைத் தென்னை ஓலை கிடந்தது. யார் போட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா அதை மாட்டுக்குப் போடச் சொன்னாள். எனக்குக் கூடப்பிறந்தவன் என்று இருந்தவன் போய்விட்டான், மாமன் என்று இருந்தவரை நான் போக்கடித்தேன். என் பெண்ணுக்குக் காது குத்தும்போது மடியில் உட்காரவைக்க ஆள் தேடி அலைந்த கதை உங்களுக்குத் தெரியும். அண்ணன் இல்லாத இடத்தில் மாமாவை ஏன் உட்காரவைக்கவில்லை என்பதுதான் தெரியாது.

மாமா ரேடியோ செட்டை விற்றுவிட்டு, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். என் கல்யாணத்துக்கு முன்னால், அம்மாவுக்குத் தெரியாமல் பத்திரிகை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். நீல யூனிபாரத்தில், கழுத்தில் விசிலோடு இருந்தார். பத்திரிகையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், அக்கா கொடுத்தனுப்பினாளா என்று கேட்டார். இல்லை என்றேன். கேசட் விஷயத்தைச் சொல்லிவிட நினைத்தேன். "மாமா, அன்னிக்கி" என்று ஆரம்பித்துவிட்டேன்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "பாப்பா, அதக் கிண்டாத. உங்கம்மாவுக்குக் கோவிச்சிக்க ஒரு ஆளு வேணும். சாமி மேல கோவிச்சிக்கினா அவ நிக்க மாட்டா. அது நானா இருந்துட்டுப் போறன்."

ஷிப்ட் பஸ் வந்து ஹாரன் அடித்தது. கேட்டைத் தூக்கப் போய்விட்டார். நானும் அவர் சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவர் செய்தது பெரிய மனசுதான். ஆனால் சரியா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அன்றைக்கே அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டியிருந்தால் எனக்கு நாலு அறை விழுந்திருக்கும். பத்து நாள் அம்மா என்னோடு பேசியிருக்க மாட்டாள். பத்து வயதுப் பிள்ளையோடு எவ்வளவு நாள் பேசாமல் இருக்க முடியும்? என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து மூன்று பேரையும் முப்பது வருஷத்துக்குக் கட்டிப் போட்டுவிட்டார். போன வருஷம் பங்குனியில் போய்ச் சேர்ந்தார். அவர் சாவுக்கு அம்மா வரவில்லை. நான் திரும்பி வந்தபோது, தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரப் புடவையோடு தோட்டத்தில் நின்றிருந்தாள். "நான் ஒரு வார்த்த சொன்னன்னு அப்டியே நின்னுட்டானே. வந்து சண்டையாவது போட்டிருக்கலாம்ல" என்றாள். சண்டை போட வராததால்தான் குற்றம் தம்பியுடையது என்று அத்தனை வருஷமும் நம்பியிருக்கிறாள்.

இப்போது நான் இதை எழுதக் காரணம், நானும் அம்மாவும் இருக்கிற வீட்டின் மாடியில் குடியிருக்கும் பெண். திருநெல்வேலிப் பக்கம், சுங்குவார்சத்திரத்தில் போன் தயாரிக்கும் கம்பெனியில் வேலை, இருபத்திரண்டு வயது. நாலு பேராக மேலே வாடகைக்கு இருக்கிறார்கள். லீவு நாளில் ரெட்டைப் பின்னல் போட்டு, தாவணி கட்டி, நம் காலத்துப் பாட்டுக்கு ரீல்ஸ் எடுப்பாள். "எக்கா, நான் உங்க காலத்துல பொறந்துருக்கணும்க்கா, இப்ப என்ன இருக்கு சொல்லுங்க" என்பாள். அவள் பிறக்கும்போது அந்தக் காலமெல்லாம் முடிந்து இங்கே ஆறுவழிச் சாலை வந்துவிட்டது. சிரித்துவிட்டுப் போய்விடுவேன், ஆனால் உள்ளுக்குள் என்னவோ செய்யும்.

இந்த ஆடியில் பழைய கேசட் பிளேயர் ஒன்றை ஆன்லைனில் வாங்கிக்கொண்டு வந்தாள். போட்டுப் பார்க்கக் கேசட் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள், வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, "பெட்டில ஒண்ணு கீது. எடுத்துக் குடு" என்றாள். அன்றைக்குப் பிறகு அந்தக் கேசட்டை யாரும் போட்டதில்லை. ஏன் இப்போது என்று கேட்டேன். தம்பி குரலாவது அதில் இருக்குமே என்றாள் அம்மா. முப்பது வருஷத்தில் அவள் மாமாவைத் தம்பி என்று சொன்னது அன்றைக்குத்தான். சுருள் சிக்கியிருக்கும், பூஞ்சை பிடித்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மாவே எழுந்து போய் எடுத்துவந்தாள்.

அந்தப் பெண் அதை மாடிக்குக் கொண்டுபோய், போனில் ஏற்றி, ஏதோ ஆப்பில் போட்டு இரைச்சலைச் சுத்தம் செய்தாள். மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து, ஹெட்போனை என் காதில் மாட்டினாள். "எக்கா, நடுவுல ஒரு இடத்துல ஆரும் பேசல. ஆனா சின்னப்பிள்ள மூச்சு விடுத சத்தம் கேக்கு. அப்புறம் ஒரு அம்மா கூப்புடுதாங்க."

கேட்டேன். முதலில் என் மூச்சு. பிடித்து வைத்து, தாங்காமல் விட்டு, மறுபடியும் பிடித்த மூச்சு. லாரி ஒன்று போகிறது. பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு தூரத்திலிருந்து, முப்பத்தைந்து வயதுக் குரலில், களைத்துப்போய், ஆனால் ஆசையாக: "பாப்பா, நுங்கு கொண்டாந்துகீறன், சாப்ட வா."

இரண்டு தடவை கூப்பிடுகிறாள். நான் வாயைத் திறக்கவில்லை.

நீங்கள் ஏங்குகிற அந்தக் கோடை என்னிடம் இருக்கிறது. திருட்டை மறைக்கப் பதிந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் மொத்தமும். அதில் என் அம்மா, எனக்குச் சொந்தமான அம்மா, என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். அந்த மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து நான் அழுததைப் பார்த்து அந்தப் பெண் பயந்துபோனாள். கேசட் கெட்டுவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிடட்டுமா, அவள் நம்புவாள், என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. ஸ்பீக்கரில் காதை வைத்து மாமா இரண்டாம் தடவை கேட்டது அப்போதுதான் உறைத்தது. அவருக்குக் காகிதம் தேவையே இருந்திருக்காது. அந்த மூச்சு யாருடையது என்று அவர் காதுக்குத் தெரிந்திருக்கும்.

கீழே வந்து போனை அம்மாவின் மடியில் வைத்து முழுசையும் போட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டுக் காகிதம், அமுங்காத பட்டன், "போச்சி" என்று சொன்னது, கேட்டில் மாமா சொன்னது. அம்மா அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் போடச் சொன்னாள். தன் குரலை அடையாளம் தெரிந்துகொண்டாள், என் மூச்சையும். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அவன் இதத் தெரிஞ்சிகினேதான் போனானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குமேல் அன்றைக்குப் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. தட்டில் சோறு போட்டுவைத்தால் சாப்பிட்டாள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் கிருத்திகை. விடியற்காலையிலேயே குளித்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள். வேர்க்கடலையை அவளே அவித்தாள். நான் வழக்கம்போல ஓர் இலையை நறுக்கி எடுத்துவந்தேன்.

"ரெண்டு எல போடு" என்றாள்.

போட்டேன். எல்லாம் வைத்து முடித்தோம். அம்மா வாசலுக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டாள். குரல் இப்போது நாலு வீட்டுக்குக் கேட்காது, கேட் வரைகூடப் போகாது. திரும்பி வந்து சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

"அவனக் கூப்புட எனக்கு வாயில்ல. போவச் சொன்னவ நானு. நீ போய் கூப்புடு."

போய் நின்றேன். ஷிப்ட் மாறுகிற நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. கழுத்தில் ஐடி கார்டோடு பெண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள், மாடி வீட்டுப் பெண்ணும் அதில் இருந்தாள், என்னைப் பார்த்து நின்றுவிட்டாள். ஆளில்லாத வீட்டில் ஒரு மெஷினிடம் நானும் இருக்கேன் என்று சொல்ல எனக்கு அவ்வளவு துணிச்சல் இருந்தது. இப்போது நடுத்தெருவில் ஒரு வார்த்தை வரவில்லை.

"மாமா" என்றேன். "வா மாமா. சாப்ட வா."

உள்ளிருந்து அம்மா சொன்னாள்: "இன்னும் சத்தமா கூப்புடு."

கூப்பிட்டேன்.